இசைப் பேரறிஞர் ஹைடன்

கலைஞன் ஒருவனுக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, வயிற்றுக்கு உணவு. மற்றொன்று, உள்ளத்துக்கு உரிமை. முன்னதைப் பெறுதற்காகப் பின்னதை இழந்தோர் பலர். பின்னதைக் காத்தற்காக முன்னதை இழந்து வாடினோரும் பலர். பிறர்க்கு ஏவல் செய்து வாழ்ந்த காலத்திலும் தம் கலையை வாடவிடாது வளர்த்து, முதுமையில் உணவும் உரிமையும் ஒருங்கே பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஐரோப்பிய இசையுலகம் இன்றும் போற்றும் ஜோசப் ஹைடன் ஆவார்.

ஏறக்குறைய 1750 முதல் 1820 வரையுள்ள காலத்தை மேலைநாட்டு இசை வரலாற்றிற் 'செவ்வியற் காலம்' என்பர். தெளிவும், அளவும், ஒழுங்கும் அக்கால இசையின் இயல்புகள். அக்காலத்தை அணிசெய்த மூவர் ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் என்போர். மூவருள்ளும் மூத்தவர் ஹைடன். ஏனை இருவரும் நடந்த பாதையை முன்னின்று செப்பனிட்டவரும் அவரே.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரிய நாட்டிலே, அக்கால ஹங்கேரியின் எல்லையை அடுத்து, ரோராவு என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூரில் 1732ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் ஹைடன் பிறந்தார். தந்தையார் மத்தியாஸ், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார், திருமணத்திற்குமுன் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையிற் சமையற்பணி செய்தவர். தந்தையார் இசைக்குறிப்புகளைப் படிக்க அறியார். ஆயினும், பகலெல்லாம் உழைத்த களைப்புத் தீர, மாலை வேளையில் யாழ் போன்ற 'ஹார்ப்' என்னும் கருவியை மீட்டிப் பாடுவார். வீட்டார் அனைவரும் உடன் பாடுவர். சிறுவன் ஹைடன் இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றை வயலினாகவும் மற்றொன்றை வில்லாகவும் கொண்டு, தந்தையின் பாட்டிற்குத் தாளம் தவறாமல் வாசிப்பதுபோல் நடிப்பானாம்.

இதனைக் கண்ட உறவினர் ஒருவர், சிறுவனின் இசையறிவை வியந்து, அவனைத் தம்முடன் ஹைன்பர்க் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். அப்பொழுது சிறுவனுக்கு வயது ஆறு. அங்கு அவனுக்குக் கிடைத்த உணவைவிட அடியே மிகுதி. எனினும், பல கருவிகளைப் பயிலும் வாய்ப்பும் அங்கேயே கிடைத்தது. ஒருமுறை ஊர்வலம் ஒன்றிற்கு முரசு கொட்டுவார் இல்லாது போயிற்று. ஆசிரியர் சிறுவனுக்கு முரசடிக்கும் முறையைக் கற்பித்தார். வீட்டில் முரசு இல்லை. சிறுவன் மாவு வைக்கும் கூடையொன்றைத் துணியால் மூடி, அதன்மேல் அடித்துப் பழகினான். மாவு பறந்து அறையெங்கும் படிந்தது; ஆனால், ஊர்வலத்தில் முரசு தவறாமல் ஒலித்தது. முதுமையில் ஹைடன் இவ்வாசிரியரை நினைவுகூரும்போது, தாம் பட்ட அடியைப் பெரிதாகக் கொள்ளாமல், தாம் பெற்ற பயிற்சிக்கே நன்றி கூறினார்.

தேவாலயத்திற் பாடகர்

வியன்னா மாநகரின் புனித ஸ்டீபன் தேவாலயத்து இசைத்தலைவர், பாடும் சிறுவரைத் தேடிக்கொண்டு ஹைன்பர்க் வந்தார். ஹைடனின் இனிய குரல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1740ஆம் ஆண்டில், எட்டு வயதில், ஹைடன் வியன்னா சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அத்தேவாலயத்திற் பாடினார். சிறந்த இசையை நாள்தோறும் கேட்கவும் பாடவும் வாய்த்தது. ஆனால், இசை இயற்றும் முறையை முறையாகக் கற்பிப்பார் எவரும் இலர்.

பதினேழாம் வயதளவில் அவர் குரல் உடைந்தது. சிறுவனின் குரலையே வேண்டிய தேவாலயத்தில் அவருக்கு இனி இடம் ஏது? அந்நிலையில் அவர் ஒரு குறும்பும் செய்தார். புதிதாக வாங்கிய கத்தரிக்கோலால் முன்னே நின்ற தோழன் ஒருவனின் சடைப்பின்னலைக் கத்தரித்துவிட்டார். நீக்குவதற்குக் காரணம் தேடியிருந்த தலைவருக்கு இஃது ஒன்றே போதியதாயிற்று. 1749ஆம் ஆண்டின் இறுதியில், கையிற் காசும் மேனியில் நல்லாடையும் இன்றி, ஹைடன் வியன்னாத் தெருவில் நின்றார்.

வறுமையிற் கற்ற கல்வி

தெருவில் நின்ற இளைஞரைக் கண்டு இரங்கி, ஏழைப் பாடகர் ஒருவர் தம் சிறு வீட்டில் இடங்கொடுத்தார். மனைவியும் குழந்தையும் உடைய அவருக்கே இடம் போதாத வீடு அது. பின்னர் ஹைடன், உயர்ந்த கட்டடம் ஒன்றன் உச்சியிலிருந்த சிற்றறையில் தங்கினார். மழையும் பனியும் கூரைவழியே உள்ளே இறங்கும். குளிர்காய நெருப்பில்லை. அவ்வறையிலிருந்த செல்வம், செல்லரித்த பழைய விசைப்பலகைக் கருவி ஒன்றே. அதன்முன் அமர்ந்து வாசிக்கும்போது எந்த மன்னனுடைய வாழ்வையும் தாம் விரும்பியதில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு.

பகலிற் சிறுவர்க்கு இசை கற்பித்தும், இரவில் தெருக்களில் வாசிக்கும் குழுக்களிற் சேர்ந்து வயலின் வாசித்தும் பொருளீட்டினார். எஞ்சிய நேரமெல்லாம் படித்தார். ஆசிரியர் இல்லாத குறையை நூல்கள் தீர்த்தன. பூக்ஸ் என்னும் அறிஞர் எழுதிய இசையிலக்கண நூலை வரிவரியாக ஆராய்ந்து, அதிலுள்ள பயிற்சிகளைத் தாமே செய்து, தாமே திருத்திக்கொண்டார். எமானுவேல் பாக் என்பவரின் இசைப்படைப்புகளை மீண்டும் மீண்டும் வாசித்து, அவற்றின் நுட்பத்தை உணர்ந்தார்.

அந்நாளில் நிக்கோலா போர்ப்போரா என்னும் இத்தாலிய இசைப்புலவர் வியன்னாவில் இருந்தார். ஹைடன் அவரிடம் பணியாளராக அமர்ந்தார். ஆடையைத் தூய்மை செய்தார். ஏவிய வேலைகளையெல்லாம் செய்தார். அவர் பிறர்க்குப் பாட்டுக் கற்பிக்கும்போது உடன் வாசித்தார். வசை பல கேட்டார், ஆயினும் வருந்தினாரல்லர். ஏனெனில், அவர் விரும்பிய கூலி கல்வியே. இசை இயற்றுதலின் உண்மையான அடிப்படையைப் போர்ப்போராவிடமே கற்றதாக அவர் பின்னர் நன்றியுடன் குறிப்பிட்டார்.

சீருடைப் பணி

1761ஆம் ஆண்டு மே முதல் நாள், ஹைடன் வாழ்விற் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. ஹங்கேரி நாட்டின் பெருஞ்செல்வரான எஸ்டர்ஹாசி என்னும் குறுநிலக் கோமகனின் அரண்மனையில், துணை இசைத்தலைவராக அவர் அமர்த்தப்பட்டார். ஆண்டொன்றுக்கு ஊதியம் நானூறு குல்டன். பசித்த வயிற்றுக்கு அஃது அமுதமே. ஆனால், அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் சிறிது நோக்குவோம்.

இசைத்தலைவர் அரண்மனைச் சீருடையையே அணிதல் வேண்டும். வெண்ணிறக் காலுறையும், வெண்மையான உள்ளாடையும், மாப்பூசிய தலைமயிரும் இன்றிக் கோமகன்முன் தோன்றுதல் கூடாது. நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்னறையிற் காத்து நின்று, அன்று இசை நிகழ வேண்டுமா என்னும் கட்டளையைப் பெறுதல் வேண்டும். கோமகன் விரும்பும் இசையை விரும்பியபோதெல்லாம் இயற்றித் தருதல் வேண்டும். யாவற்றினும் கடுமையானது மற்றொன்று: அவர் இயற்றும் இசையைப் பிறர்க்குக் காட்டுதலோ, படியெடுக்க விடுதலோ, கோமகனின் இசைவின்றிப் பிறர்க்காக இயற்றுதலோ கூடாது.

உழவன் விளைத்த நெல் உழவனுக்கு உரியதாகாத நிலைபோல், அவர் உள்ளத்தில் விளைந்த இசை அவருக்கு உரியதாகவில்லை. அக்காலத்தில் இஃது எல்லா அரண்மனைகளிலும் வழக்கமே. இசைப்புலவரும், தோட்டக்காரரும், சமையற்காரரும் ஒரே பணியாளர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டனர்.

முதலில் அமர்த்திய கோமகன் அடுத்த ஆண்டே இறந்தார். அவருக்குப்பின் அவர் தம்பி நிக்கோலாஸ் பட்டத்துக்கு வந்தார். அவர் இசையில் மிக்க ஈடுபாடு உடையவர். 'பாரிட்டன்' என்னும் நரம்புக் கருவியைத் தாமே வாசிப்பார். அவர் வாசிப்பதற்கென்றே ஹைடன் 120க்கும் மேற்பட்ட இசைத்தொகுதிகளை இயற்றினார். 1766இல் மூத்த இசைத்தலைவர் மறைய, ஹைடன் தலைமைப் பொறுப்பு முழுவதையும் ஏற்றார். கோமகன் கடுமையானவரேனும் கல்நெஞ்சர் அல்லர். ஹைடனின் வீடு 1768இலும் 1776இலும் தீப்பற்றி எரிந்தபோது, இருமுறையும் அவரே அதனைக் கட்டிக் கொடுத்தார்.

தனிமையில் விளைந்த புதுமை

நிக்கோலாஸ் கோமகன், சதுப்பு நிலமாக இருந்த ஓரிடத்தில் எஸ்டர்ஹாசா என்னும் பெரிய மாளிகையை எழுப்பினார். அங்கே இசைநாடக அரங்கும் பொம்மலாட்ட அரங்கும் அமைந்தன. 1786ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இசைநாடக நிகழ்ச்சிகள் அங்கு நடைபெற்றன. இயற்றுதல், பிறர் இயற்றியவற்றைத் திருத்துதல், பாடகரைப் பயிற்றுதல், கருவிகளைப் பேணுதல், இசைவாணர்களுக்குள் எழும் பூசல்களைத் தீர்த்தல் ஆகிய எல்லாம் ஹைடனின் கடமைகள்.

வியன்னாவோ தொலைவில், பிற இசைப்புலவரோடு கலந்து பேசவும் வழியில்லை. வேறொருவர் இந்நிலையிற் சோர்ந்திருப்பர். ஹைடனோ அத்தனிமையையே கருவியாக்கினார். தம்மிடம் நல்ல இசைக்குழு இருந்தது. இன்று எழுதியதை நாளையே வாசித்துக் கேட்கலாம். எது கேட்போரைக் கவர்கிறது, எது சோர்வுறுத்துகிறது என்று கண்டு, கூட்டலாம், குறைக்கலாம், துணிந்து புதியது செய்யலாம். குழப்புவோரும் பழிப்போரும் அருகில் இன்மையால், தாம் புதுநெறி காண நேர்ந்தது என்று அவரே பின்னர் விளக்கினார்.

சிம்பொனியும் நால்வர் இசையும்

அவர் கண்ட புதுநெறி யாது? அதனை அறிய, மேலைநாட்டு இசையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் இசையில் ஒருவர் பாடும் ஒரே பண்ணை ஏனையோர் பின்தொடர்வர். மேலைநாட்டு இசையிலோ, வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்ப, அவை ஒன்றோடொன்று இயைந்து ஒரு முழுமை ஆகும். 'சிம்பொனி' என்பது, பல கருவிகள் அடங்கிய குழு வாசிக்கும் பெரும் இசைப்படைப்பு. வயலின் முதலிய நரம்புக் கருவிகளும், குழல், கொம்பு முதலிய காற்றுக் கருவிகளும், முரசும் அதில் இடம்பெறும். பெரும்பாலும் அது நான்கு பகுதிகளை உடையது: முதலாவது விரைவானது; இரண்டாவது மெல்ல நடப்பது; மூன்றாவது நடனத்தின் சாயல் உடையது; நான்காவது விரைந்து முடிவது.

முதற்பகுதியின் அமைப்பு நன்கு எழுதிய கட்டுரையின் அமைப்பை ஒக்கும். கட்டுரையாளன் ஒரு பொருளை முன்வைத்து, அதனைப் பலவாறு ஆராய்ந்து, முடிவில் தொடங்கிய பொருளுக்கே மீண்டு வந்து நிலைநாட்டுகிறான் அல்லவா? அதுபோல, சிறிய இசைத்தொடர் ஒன்று முதலில் ஒலிக்கும். அதற்கு மாறான சுரநிலையில் மற்றொன்று எழும். பின்னர் அவை உடைந்தும், பிணைந்தும், இடம் மாறியும் வளரும். கேட்போர் உள்ளம் எங்குச் செல்வோமோ என்று தவிக்கும் வேளையில், முதலில் ஒலித்த தொடர் மீண்டும் வந்து அமைதி தரும். நாலைந்து சுரங்களே கொண்ட எளிய தொடரிலிருந்து இத்தகைய பெருங்கட்டடத்தை எழுப்பும் ஆற்றலில் ஹைடனுக்கு நிகரானோர் சிலரே. அவர் நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை இயற்றினார். 'சிம்பொனியின் தந்தை' என்று உலகம் அவரை அழைக்கிறது. அவ்வடிவத்தை முதலிற் படைத்தவர் அவர் அல்லர். ஆயினும், குழந்தையாக இருந்த அதனை வளர்த்து ஆளாக்கியவர் அவரே ஆதலின், அப்பெயர் பொருந்துவதே.

நால்வர் இசை என்பது மற்றொரு வடிவம். இரண்டு வயலின்கள், அவற்றினும் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தாழ்ந்த குரலுடைய செல்லோ ஒன்று ஆகிய நான்கே அதன் கருவிகள். முன்னெல்லாம் முதல் வயலினே பேசும். ஏனைய மூன்றும் 'ஆம்' என்று தலையசைக்கும். ஹைடன் நான்கிற்கும் நாக்கொடுத்தார். ஒன்று தொடங்கியதை மற்றொன்று தொடரும், மூன்றாவது மறுக்கும், நான்காவது நகைக்கும். நண்பர் நால்வர் அமர்ந்து அளவளாவுதல் போன்றது அது. 1781இல் அவர் இயற்றிய ஆறு நால்வர் இசைகள் இம்முறையின் சிறப்பை உலகறியச் செய்தன. அரண்மனையிற் பேச உரிமையின்றிக் காத்து நின்ற ஒருவர், தம் இசையில் ஒவ்வொரு கருவிக்கும் பேசும் உரிமை வழங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

விடைபெறும் இசை

அவர் உள்ளத்தின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1772ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கோமகன் எஸ்டர்ஹாசாவில் தங்கும் காலமெல்லாம் இசைவாணர்களும் அங்கேயே தங்குதல் வேண்டும். ஆனால், தம் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள அவர்களுக்கு இசைவில்லை. குடும்பங்களோ ஐசன்ஸ்டாட் என்னும் ஊரில் இருந்தன. ஹைடன் உள்ளிட்ட சிலர்க்கு மட்டுமே இத்தடை இல்லை. அவ்வாண்டில் கோமகன் வழக்கத்தினும் நெடுநாள் தங்கிவிட்டார். இலையுதிர் காலமும் வந்தது. பிரிவாற்றாத இசைவாணர்கள் தங்கள் தலைவரிடம் வந்து முறையிட்டனர்.

ஹைடன் என் செய்வார்? அவரும் ஏவலரே. கோமகனிடம் கடிந்து கூற இயலாது. கூறாதிருக்கவும் மனம் இடங்கொடாது. எனவே, சொல்லால் ஆகாததை இசையால் முடிக்கக் கருதினார். புதிய சிம்பொனி ஒன்றை இயற்றினார். அரங்கிற் கோமகன் வீற்றிருக்க, இசை தொடங்கியது. துயரும் தவிப்பும் நிறைந்த அவ்விசை இறுதிப் பகுதியை எட்டியது. விரைந்து முடிய வேண்டிய இடத்தில், எதிர்பாராத வகையில், மெல்லிய இசையொன்று எழுந்தது. முதலில் 'ஓபோ' என்னும் குழல் ஊதுபவர் ஒருவரும் கொம்பு ஊதுபவர் ஒருவரும் தம் பகுதியை முடித்து, முன்னிருந்த மெழுகுவத்தியை அணைத்து, கருவியை எடுத்துக்கொண்டு வெளியேறினர். பின்னர் மற்றொருவர், அவருக்குப்பின் வேறொருவர். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இசையும் தேய்ந்துகொண்டே வந்தது. இறுதியில் இரண்டு வயலின்கள் மட்டுமே எஞ்சி, மிக மெல்லிய ஒலியெழுப்பி ஓய்ந்தன.

கோமகன் குறிப்பறிந்தார். மறுநாளே அனைவரும் ஊர் திரும்பக் கட்டளையிட்டார் என்பர். 'விடைபெறும் சிம்பொனி' என்று வழங்கும் இவ்விசை இன்றும் அவ்வாறே வாசிக்கப்படுகிறது. தமக்கு இல்லாத துன்பத்திற்காக, தம்மினும் எளியோர்க்காக, ஹைடன் இதனை இயற்றினார். பணிவு குன்றாமல் உண்மையை எடுத்துரைக்கும் வழியொன்று உண்டு என்பதை அவர் காட்டினார். இசைவாணர்கள் அவரைத் 'தந்தை ஹைடன்' என்று அன்புடன் அழைத்ததில் வியப்பில்லை.

மோட்சார்ட்டின் நட்பு

1779ஆம் ஆண்டில் புதிய ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. பிறர்க்காக இயற்றலாகாது என்னும் தடை அதில் இல்லை. அதன்பின் ஹைடனின் இசை அச்சேறி நாடெங்கும் பரவியது. பாரிசு நகரத்தார் வேண்ட, ஆறு சிம்பொனிகள் இயற்றி அனுப்பினார். ஸ்பெயின் நாட்டிலிருந்தும் வேண்டுகோள் வந்தது. சீருடை அணிந்த பணியாளராக அவர் சதுப்பு நிலத்தில் இருக்க, அவர் இசை அவருக்கு முன்னரே உலகைச் சுற்றியது.

அக்காலத்தில் வியன்னாவில் மோட்சார்ட் என்னும் இளைஞர் புகழ்பெற்று வந்தார். அவர் ஹைடனுக்கு இருபத்து நான்கு ஆண்டு இளையவர். ஒரே துறையில் இருவர் சிறந்திருப்பின், அவர்களிடையே அழுக்காறு தோன்றுதல் உலகியல்பு. இவ்விருவரிடையே தோன்றியதோ அன்பு. ஹைடனின் நால்வர் இசைகளை ஆழ்ந்து பயின்ற மோட்சார்ட், தாம் அரிதின் முயன்று இயற்றிய ஆறு நால்வர் இசைகளை 1785இல் அவருக்கே உரிமையாக்கினார். அவற்றைக் கேட்ட ஹைடன், மோட்சார்ட்டின் தந்தையாரை நோக்கி, தாம் அறிந்த இசைப்புலவருள் அவர் மகனே தலைசிறந்தவர் என்று கடவுளைச் சான்றாக்கிக் கூறினார். தம்மின் இளையவரைத் தம்மின் மேலானவர் என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

கடல் கடந்த புகழ்

ஆண்டுகள் செல்லச் செல்ல, தனிமையும் ஏவலும் ஹைடனுக்குச் சுமையாயின. எப்பொழுதும் ஏவலனாகவே இருத்தல் வருந்தத்தக்கது என்று வியன்னாவிலிருந்த நண்பர் ஒருவருக்கு 1790இல் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் நிக்கோலாஸ் கோமகன் இறந்தார். அவர் மகன் இசைக்குழுவைக் கலைத்தார். ஆயினும், ஹைடனுக்கு வாழ்நாள் ஊதியம் தொடர்ந்தது. முப்பது ஆண்டுக்குப்பின், ஐம்பத்தெட்டாம் வயதில், ஹைடன் உரிமை பெற்ற மனிதரானார்.

செய்தி அறிந்ததும், இலண்டன் மாநகரில் இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த சாலமோன் என்பவர் விரைந்து வந்து அவரை அழைத்தார். முதியவர் வேற்று நாட்டு மொழியறியாது இடர்ப்படுவாரே என்று மோட்சார்ட் கவன்றார். தம் மொழி உலகெங்கும் விளங்கும் என்று ஹைடன் விடையிறுத்தார். அவர் குறித்த மொழி இசையே. 1790 டிசம்பரில் இருவரும் கண்ணீருடன் பிரிந்தனர். மீண்டும் அவர்கள் சந்திக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், தம் முப்பத்தைந்தாம் வயதில், மோட்சார்ட் மறைந்தார். அச்செய்தி கேட்டு ஹைடன் நெடுநாள் வருந்தினார்.

1791ஆம் ஆண்டின் முதல் நாள் ஹைடன் இங்கிலாந்தில் இறங்கினார். அந்நாட்டார் அவரை மன்னரை வரவேற்பதுபோல் வரவேற்றனர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அவ்வாண்டிலேயே அவருக்கு 'டாக்டர்' பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. தெருவில் நின்ற ஏழை இளைஞர் அறிஞர் அவையில் அமர்ந்தார். உழைப்பு மிகுதியாயினும், தாம் கட்டுண்ட ஏவலன் அல்லன் என்னும் உணர்வு அவ்வுழைப்பையெல்லாம் இனிதாக்குகிறது என்று இலண்டனிலிருந்து அவர் கடிதம் எழுதினார். 1791-92, 1794-95 ஆகிய இருமுறை அங்குத் தங்கிய காலங்களுக்கென அவர் பன்னிரண்டு சிம்பொனிகள் இயற்றினார். அவருடைய சிம்பொனிகளின் முடிமணிகள் அவையே.

அவற்றுள் ஒன்று 'வியப்புச் சிம்பொனி'. அதன் இரண்டாம் பகுதி, குழந்தையும் பாடத்தக்க எளிய இசையுடன் மெல்லத் தொடங்கும்; மீண்டும் அதனினும் மெல்ல ஒலிக்கும். கேட்போர் செவிகூர்ந்திருக்கும் அவ்வேளையில், குழு முழுவதும் முரசுடன் ஒரே இடியாக முழங்கும். மறுகணமே எதுவும் நிகழாததுபோல இசை மெல்லத் தொடரும். உறங்குவோரை எழுப்பவே இவ்வாறு செய்தார் என்று பலர் கூறினர். புதுமையால் வியப்பூட்டுவதே தம் நோக்கம் என்றார் ஹைடன். நகைச்சுவையை இசைக்குள் அமைத்தவர் அவர்போல் அரியர்.

இரண்டு பயணங்களுக்கும் இடையில், பீத்தோவன் என்னும் இளைஞர் வியன்னாவில் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. எனினும், பீத்தோவன் பின்னர் எழுப்பிய இசைக்கோபுரங்களுக்கு ஹைடன் இட்ட அடித்தளமே நிலைக்களம் ஆயிற்று.

முதுமையின் பெரும்படைப்பு

இங்கிலாந்தில், ஹாண்டல் என்னும் இசைப்புலவரின் பெரும் பாடற்படைப்புகளை நூற்றுக்கணக்கானோர் கூடிப் பாடக் கேட்டு, ஹைடன் உள்ளம் உருகினார். அத்தகையதொன்றைத் தாமும் இயற்ற விரும்பி, உலகத் தோற்றத்தைப் பொருளாகக் கொண்டு 'படைப்பு' என்னும் பேரிசையை இயற்றினார். தொடங்கும்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. ஏறக்குறைய ஈராண்டு உழைத்து, 1798இல் அதனை அரங்கேற்றினார். உலகம் தோன்றுமுன் இருந்த ஒழுங்கின்மையைக் குழம்பிய இசையாற் காட்டி, ஒளி தோன்றும் இடத்தில் மெல்லிய குரல்கள் திடீரெனப் பேரொலியாக விரியும்படி அமைத்தார். கேட்டோர் மெய்சிலிர்த்தனர்.

அதற்கு முந்தைய ஆண்டில், பேரரசர் பிரான்சிசுக்கு வாழ்த்துப்பண் ஒன்றை இயற்றினார். அம்மெட்டை அவரே பெரிதும் விரும்பி, நால்வர் இசையொன்றிலும் அமைத்தார். இன்று செர்மனி நாட்டின் நாட்டுப்பண் அம்மெட்டிலேயே பாடப்படுகிறது. 1801இல் 'பருவங்கள்' என்னும் மற்றொரு பேரிசையை முடித்தார். அதன்பின் உடல் தளர்ந்தது. உள்ளத்தில் இசை ஊறியும், எழுதக் கை வலியற்றது.

இறுதி நாட்கள்

1808ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் 'படைப்பு' மீண்டும் பாடப்பட்டது. நடக்க இயலாத ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். அவையோர் அனைவரும் எழுந்து ஆரவாரித்தனர். ஒளி தோன்றும் இடம் வந்தபோது, மண்டபம் கைத்தட்டலால் அதிர்ந்தது. முதியவர் நடுங்கும் கையை மேலே உயர்த்தி, அஃது அங்கிருந்தே வந்தது என்று குறிப்பித்தார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் நெப்போலியனின் படை வியன்னாவைத் தாக்கியது. ஹைடனின் வீட்டருகே பீரங்கிக் குண்டு விழுந்தது. அஞ்சி நடுங்கிய பணியாளரை, தாம் இருக்குமிடத்தில் தீங்கு நேராது என்று தேற்றினார் அம்முதியவர். சில நாட்களுக்குப்பின் பிரெஞ்சுப் படைத்தலைவர் ஒருவர் அவர் இல்லம் வந்தார். போர் செய்ய அன்று. 'படைப்பிலிருந்து' ஒரு பாடலைப் பாடி அவரை வணங்கவே வந்தார். படைகள் பகைத்து நிற்க, இசை பகையறியாது நின்றது. 1809ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில், ஹைடன் அமைதியாக உயிர்நீத்தார்.

வாழ்வு தரும் பாடம்

ஹைடனின் வாழ்வைக் கொண்டு, பிறர்க்கு ஏவல் செய்து வாழ்தலே கலைக்கு நன்று என்று முடிவு செய்தல் பொருந்தாது. உரிமையின் இனிமையைச் சுவைத்தபின் அவரே எழுதிய கடிதங்கள் அதனை மறுக்கும். நமக்கு அவர் உணர்த்துவது வேறு. வாழ்வில் நாம் நிற்கும் இடம் எப்பொழுதும் நாம் விரும்பிய இடமாக அமைவதில்லை. அவ்விடத்தின் குறைகளை எண்ணி வாளா இருப்பது ஒரு வழி. அங்குக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு தம் ஆற்றலை வளர்ப்பது மற்றொரு வழி. மாவுக்கூடையை முரசாக்கிய சிறுவன், சதுப்பு நிலத்து மாளிகையை இசைக்கூடமாக்கினான். விடுதலை வந்த நாளில், உலகின்முன் நிற்க ஆயத்தமாக இருந்தான். வாய்ப்பு வருமுன்னரே தகுதியை ஈட்டிக்கொள்ளுதல் மாணவராகிய உங்கள் கடன். அதனை நீங்கள் செய்வீர்களாயின், காலம் கனியும்போது கதவு திறக்கும். அப்பொழுது தயங்காமல் உள்ளே செல்வீர்கள்.